ஐந்து பேர் படித்த தாள்

சபீதா வேலை பார்த்த அறைக்கு மூன்று பெயர்கள் உண்டு. கதவில் பித்தளைத் தகட்டில் ‘மேலாண்மைத் தகவல் மையம்’ என்று இருக்கும். மேனேஜர்கள் லைப்ரரி என்பார்கள். கீழே மூட்டை இறக்குகிறவர்களும் தொட்டி கழுவுகிறவர்களும் பேப்பர் ரூம் என்பார்கள். அவர்களில் ஒருவரும் அந்த அறைக்குள் வந்ததில்லை. வரக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. மாடிப்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றவேண்டும், மேலே ஏறினால் ஏசி குளிரும், தரையில் கால்தடம் விழும். ஒரு மனுஷனை வராமல் வைக்க இவ்வளவு போதாதா? சபீதாவும் அதைப் பற்றி ஒன்பது வருஷம் யோசித்ததில்லை.

சீவலப்பேரி ரோட்டில் இருக்கிற மக்காச்சோள மாவு மில் அது. சோளத்தை இரண்டு நாள் வெந்நீரில் ஊறப்போட்டு, அரைத்து, மாவைப் பிரித்து எடுப்பார்கள். ஊறல் தண்ணீர் புளித்து எழும்புகிற வாடை ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் போகும். மேலப்பாளையம் பஸ்ஸில் மாவு மில்காரனைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். சட்டையை இரண்டு தடவை துவைத்தாலும் போகாத வாடை அது.

அந்த மில்லின் ஐந்து மேனேஜர்களுக்கு உலகத்தைப் படித்துச் சொல்வதுதான் சபீதாவின் வேலை. நூலகப் படிப்பு படித்தவள். கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து, தன் கையை நம்பி வேலைக்குச் சேர்ந்தவள். காலை எட்டரைக்கு வந்தால் பத்திரிகைகள், தொழில் சஞ்சிகைகள், அரசாங்கச் சுற்றறிக்கைகள், கம்ப்யூட்டரில் வந்து விழுகிறவை எல்லாவற்றையும் மேய்ந்து, சோளத்தின் விலை முதல் வேறு ஊர் மில்களில் நடந்த விபத்து வரை ஒரே பக்கத்தில் இங்கிலீஷில் சுருக்கி அடிப்பாள். காலைக் குறிப்பு என்று அதற்குப் பெயர். அதை மஞ்சள் அட்டைக்குள் வைத்து, மேலே ஒரு சீட்டைக் குத்தி அனுப்பவேண்டும். சீட்டில் ஐந்து கட்டங்கள். படித்தவர் தன் கட்டத்தில் இனிஷியல் போட்டு அடுத்தவருக்குத் தள்ளவேண்டும். மூன்றாம் நாள் அட்டை அவளிடம் திரும்பி வந்துவிடவேண்டும் என்பது விதி.

எங்கே வந்தது? ஒருத்தர் மேஜையில் டீ கிளாசுக்கு அடியில் கிடக்கும். இன்னொருத்தர் காரின் பின்சீட்டில் பத்து நாள் ஊர் சுற்றும். வருஷத்துக்கு ஒரு தடவை தரச்சான்று ஆடிட்டர் வந்து சீட்டுகளைப் புரட்டுவார். காலிக் கட்டம் இருந்தால் திட்டு சபீதாவுக்குத்தான். வெள்ளம் வந்த வருஷம், மில்லுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, மேனேஜர்கள் ஒரு வாரம் அங்கேயே கிடந்து தண்ணீர் இறைத்தார்கள். அப்போதுதான் புரொடக்‌ஷன் மேனேஜர் சாய்கிருஷ்ணன் சொன்னார்: “என் கட்டத்துல நீங்களே ஒரு கிறுக்கு கிறுக்கிருங்க, சபீதாம்மா. நீங்க படிச்சா நான் படிச்ச மாதிரிதான்.”

கல்லிடைக்குறிச்சிக்காரர். யாரையும் ஏக வசனத்தில் பேசாதவர். அவர் அப்படிச் சொன்னது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு கட்டம் ஐந்து கட்டமாக ஆறு மாசம் ஆகவில்லை. ஐந்து பேருடைய கொக்கியும் சுழியும் அவள் விரலுக்கு அத்துப்படி. ஒரே மையாக இருந்தால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வரும் என்று ஐந்து பேனா வைத்திருந்தாள். சாய்கிருஷ்ணனுக்குக் கறுப்பு, ஜி.எம்.முக்குப் பச்சை. எவ்வளவு சமர்த்து! அந்தச் சமர்த்தை இப்போது நினைத்தால் அவளுக்குத் தன் விரலையே பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏனென்றால், தை மாசம் ஐந்தாம் தேதி மில்லின் கழிவுத் தொட்டிக்குள் செத்துக் கிடந்தவன் அவளுடைய தம்பி சல்மான் ஃபாரிஸ். இருபத்தாறு வயசு. பத்தாவதோடு நின்றவனை ஒப்பந்தக்காரரிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான்.

பொங்கல் லீவுக்கு இரண்டு நாள் முந்தி அவள் அடித்த காலைக் குறிப்பில் நான்காவது செய்தி, வடக்கே ஒரு மாவு மில்லில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் செத்துப்போனது. லீவுக்கு முன்னால் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று மத்தியானம் மூன்று மணிக்கு ஐந்து பேனாவையும் எடுத்து ஐந்து கட்டத்தையும் நிரப்பி அலமாரியில் வைத்துவிட்டாள். அன்றைக்கு அந்த அட்டை அறைக்கு வெளியே போகவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் சல்மான் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பெருமை அளந்துகொண்டிருந்தான்.

“லாத்தா, லீவு முடிஞ்சதும் பெரிய தொட்டி கழுவணுமாம். மேஸ்திரி என்னியத்தான் கூப்பிடுதாரு. மில்லுல காத்து சோதிக்க எத்தன மீட்டர் இருந்தாலும் என் மூக்குதான் மீட்டருங்காரு.”

“மூக்க வச்சி என்னலே செய்யுவ?”

“மூடியத் தொறந்து தலைய விட்டு மோந்து பாக்கணும். முட்ட அழுகுன மாதிரி நாத்தம் அடிச்சா நிக்கணும். நாத்தம் போயிட்டுன்னா எறங்கிரலாம். நம்ம ஆளுவ எல்லாரும் அப்பிடித்தான.”

“பெரிய மூக்கு. ஆணம் அடிப்பிடிச்சா மட்டும் அந்த மூக்குக்குத் தெரியாது” என்றாள் அவன் பெண்டாட்டி அர்ஷியா. கல்யாணமாகி எட்டு மாசம். வயிற்றில் மூன்று மாசம்.

சபீதாவும் சிரித்தாள். கறிக் குழம்பைக் கரண்டியில் எடுத்தவளுக்குக் காலையில் அடித்த நான்காவது செய்தி ஞாபகத்துக்கு வந்தது. வந்தது, அதுதான் கொடுமை. மறந்திருந்தால் மறதி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். மேனேஜர்களுக்கான சங்கதியை வீட்டில் பேசக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எழுதி வாங்கியிருந்தார்கள். அதுவும் ஒரு பழக்கம். “இந்தத் தடவ சும்மா எறக்க மாட்டாவ. மேனேஜர்மார் பாத்துக்கிடுவாவ” என்று சொல்லி ஆணத்தை ஊற்றினாள். ஐந்து பேரும் படித்துவிட்டார்களே என்று மனசார நினைத்தாள். தான் போட்ட கையெழுத்தைத் தானே நம்பினாள்.

லீவு முடிந்து அவன் இறங்கினான். மேலே ஏணியைப் பிடித்திருந்த கூட்டாளி இசக்கியப்பன், சாவு வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு சொன்னான்: “மூடியத் தொறந்தப்போ நிக்க முடியாத நாத்தம்க்கா. தலைய விட்டு விட்டு மோந்தான். கொஞ்ச நேரத்துல, ‘நாத்தமே இல்லவே, எறங்குதேன்’னான். நாலு படிதான் எறங்குனான். சத்தங்கூட இல்ல.”

*

அது நடந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. மாசி பிறக்குமுன்னே வெயில் ஏறிவிட்டது. நாளை காலை பதினோரு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் ஜெபகனி இரண்டாம் விசாரணைக்கு வருகிறார். முதல் விசாரணையில் மில்காரர்கள் பெருமையாக ஒரு காரியம் செய்திருந்தார்கள். ‘எங்கள் மேனேஜர்களுக்கு விபத்துச் செய்திகளை அன்றன்றே தருகிறோம்’ என்று காட்ட அந்த மாசத்துக் காலைக் குறிப்புகளைச் சீட்டோடு நகலெடுத்துக் கொடுத்தார்கள். ஜெபகனி நிதானமாகப் படிக்கிற பெண். நான்காவது செய்தியையும் பார்த்தார், சாய்கிருஷ்ணன் கட்டத்துக் கொக்கியையும் பார்த்தார். ‘அப்படியானால் சாய்கிருஷ்ணன் இதைப் படித்துவிட்டுத்தான் ஆளை இறக்கியிருக்கிறார். அசல் சீட்டும், அதைப் பராமரிக்கிறவரும் என் முன்னால் வரவேண்டும்’ என்று எழுதிவிட்டார்.

சபீதா நாளைக்கு இனிஷியல் அவருடையது என்று சொன்னால், சாய்கிருஷ்ணன் தெரிந்தே ஆளைக் கொன்றவராகிக் கோர்ட்டுக்குப் போவார். தன்னுடையது என்று சொன்னால் அவர் தப்புவார். அவள் வேலை போகும். அது போகட்டும். செய்தி தெரிந்திருந்த ஒரே ஆள் அவள்தான் என்று வீடு அறியும். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் சாய்கிருஷ்ணன் மாடி ஏறி வந்தார். அந்த அறைக்கு அவர் வந்து ஒரு வருஷம் இருக்கும். வாசகர் நாற்காலியில் தூசி இருந்ததைப் பார்க்காமல் உட்கார்ந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

“நான் அதப் படிக்கல. உங்களுக்குத் தெரியும், சபீதாம்மா.”

“தெரியும் சார்.”

“படிச்சிருந்தா அந்த மூடியத் தொறக்கவே விட்டிருக்க மாட்டேன்.”

“அதுவும் தெரியும்.”

“அப்போ நாளைக்கு உள்ளதச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். நான் மூணு நாளா சாப்பிடல.”

சபீதா மேஜையிலிருந்த பத்திரிகையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். “உள்ளதுன்னா எது வரைக்கும் சார்? வெள்ளத்து வருசம் நீங்க சொன்னதும் சேர்த்தா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். “அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா.”

“பேச்சுக்குச் சொன்னத நான் வேலையா செஞ்சிட்டேன் சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுந்து போகும்போது, “உங்க தம்பி என்னப் பாத்தா ஓடிவந்து வணக்கம் வைப்பான்” என்றார். குரல் உடைந்திருந்தது. அவர் நடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

வேலை முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் சத்தியநேசன் நின்றான். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குச் சங்கம் கட்டியவன், பாளையங்கோட்டைக்காரன். சல்மானின் உடலைத் தோளில் சுமந்தவர்களில் அவனும் ஒருத்தன். சீட்டின் சங்கதியை ஆபீஸில் யாரிடமோ மோப்பம் பிடித்திருந்தான்.

“அக்கா, அந்த இனிஷியல் நீங்க போட்டதுன்னு ஆபீஸ்ல பேசிக்கிடுதாவ. மெய்தானா?”

அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். அவன் தலையாட்டிக்கொண்டான்.

“சரி. நீங்க பொய் சொல்ல வேண்டாம். வாயத் தொறக்கவே வேண்டாம். அட்டைய அந்தம்மா கையில குடுத்துட்டு உக்காந்துருங்க. சீட்டு பேசும்.”

“சீட்டு பேசுதது பொய்யில்லா தம்பி?”

“பொய்தான். நாங்க கேக்காத பொய்யா? காத்த சோதிச்சாச்சு, கயிறு கட்டியாச்சு, ஆள் நின்னாச்சுன்னு தொட்டிக்குத் தொட்டி சீட்டு எழுதி வச்சிருக்காவ. ஒருநாளாது எவனாவது ஒரு மீட்டரத் தூக்கிட்டு வந்திருக்கானா? அத்தன சீட்டும் அவியளுக்குப் பேசிச்சு. ஒரு சீட்டு நமக்குப் பேசட்டுமே.” அவன் குரல் ஏறியது. “நீங்க ‘நான்தான்’னு சொல்லிட்டா, செத்தவன் அக்காதான் குத்தவாளி. அவிய கையக் கழுவிட்டுப் பைய எந்திரிச்சிப் போயிருவாவ. அடுத்த மாசம் வேற ஒருத்தன் மூக்க விட்டு மோந்துக்கிட்டு நிப்பான்.”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவளால் தள்ள முடியவில்லை. பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். சன்னலோரம் உட்கார்ந்து பாளையங்கால்வாய் வரும் வரைக்கும், சும்மா இருப்பது பொய்யா இல்லையா என்று அதையே உருட்டிக்கொண்டு வந்தாள். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் அப்போது முடிவு செய்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

வீட்டில் உம்மா ஆசியா உம்மாள் அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். மகன் போன பிறகு அவள் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது. “நாளைக்கு அந்த மேனேஜரப் பிடிச்சி உள்ள போட்டிருவாவளாட்டி?” என்று மட்டும் கேட்டாள். “தெரியல உம்மா” என்றுவிட்டு சபீதா உள்ளறைக்குப் போனாள்.

அர்ஷியா அங்கேதான் இருந்தாள். புருஷன் போனவள் தனித்திருக்கிற இத்தா. பிள்ளை பிறக்கும் வரைக்கும் அந்த அறைதான். வெள்ளைச் சேலையில் இன்னும் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள். கொடியில் சல்மானின் வேலைச் சட்டை தொங்கியது. துவைக்க விடமாட்டேன் என்று வைத்திருந்தாள். அறை முழுக்கச் சோளம் புளித்த வாடை.

“சத்தியநேசன் அண்ணன் பெஞ்சாதி வந்திருந்தா லாத்தா. அந்த மேனேஜரு பேப்பர்ல படிச்சிட்டுத்தான் எறக்குனாராம்ல? இப்பிடி ஆள் சாவும்னு படிச்சி, கையெழுத்தும் போட்டுட்டு, பொறவும் எறக்கியிருக்காரே. எந்த மனசு லாத்தா அது?” அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “தொழுகைக்கு உக்காந்தா எனக்கு துஆவே வர மாட்டேங்குது. அவரு நாசமாப் போவணும், அவரு பிள்ளைய தெருவுல நிக்கணும்னுதான் வாயில வருது.”

பஸ்ஸில் எடுத்த முடிவு அந்த இடத்தில் போய்விட்டது. அர்ஷியா சபித்துக்கொண்டிருந்தது ஒரு கறுப்பு மைப் பேனாவை. அந்தப் பேனா சபீதாவின் கைப்பையில் இருந்தது.

*

மறுநாள் விசாரணை ஜி.எம். அறையில் நடந்தது. ஒரு பக்கம் ஜி.எம்.மும் வக்கீலும் சாய்கிருஷ்ணனும். எதிர்ப்பக்கம் சத்தியநேசன். ஜெபகனி அட்டையைத் திறந்து சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்தக் கறுப்பு மை இனிஷியல் யாரோடது?”

சபீதா பையிலிருந்து ஐந்து பேனாவையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு பேனாவாக எடுத்து ஐந்து இனிஷியலையும் போட்டாள். பழகிய கை. தாளைத் திருப்பி ஜெபகனி பக்கம் நகர்த்தினாள்.

“எல்லாம் நான் போட்டது மேடம். இது மட்டுமில்ல, ரெண்டு வருசமா எல்லாச் சீட்டும் நான் போட்டதுதான்.”

சத்தியநேசன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். வக்கீல் பெருமூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது.

“யார் சொல்லிப் போட்டீங்க?”

“சார் சொன்னாவ. வெள்ளத்து வருசம். நான் படிச்சா அவிய படிச்ச மாதிரின்னு.”

ஜெபகனி சாய்கிருஷ்ணனைப் பார்த்தார். அறையில் எல்லாரும் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். ஜி.எம். லேசாக இருமினார். சாய்கிருஷ்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல” என்றார்.

“அப்போ இந்த மில்லுல இந்தச் செய்தியப் படிச்சது யாரு?”

“நான் ஒருத்திதான் மேடம்.”

ஜெபகனி எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “இறந்தவர் உங்க தம்பிதானே? எங்க தங்கியிருந்தார்?”

“எங்கூடத்தான். ஒரே வீட்ல.”

அந்தம்மாள் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

அலமாரிச் சாவியைச் சாயங்காலத்துக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்போதே கொடுத்துவிட்டாள். அந்தக் காலைக் குறிப்பின் நகல் ஒன்றை மட்டும் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கேட்டில் சத்தியநேசன் நின்றான். அவள் கிட்டே போனதும் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவனைக் குறை சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

வீட்டுக்குப் போனதும் முகம் கழுவாமல், உம்மாவிடமும் நிற்காமல், நேராக உள்ளறைக்குப் போனாள். தரையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். ஐந்து பேனாவைச் சொன்னாள். மத்தியானம் மூன்று மணியைச் சொன்னாள். அன்றைக்குச் சோறு போடும்போது ஞாபகம் வந்ததையும் சொன்னாள். அர்ஷியா கேட்டுக்கொண்டே இருந்தாள். கத்துவாள், தலையைப் பிடித்து இழுப்பாள் என்று சபீதா காத்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

“அந்தத் தாள் இருக்கா?” என்று கேட்டாள் அர்ஷியா.

பையிலிருந்து எடுத்தாள்.

“எனக்கு இங்கிலீஷ் வாசிச்சாப் புரியாது. தமிழ்ல சொல்லுங்க.”

ஒன்பது வருஷம் அவள் எழுதிய குறிப்புகளில் ஒன்றை ஒரு ஆள் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. சபீதா நான்காவது செய்தியின்மேல் விரலை வைத்து மெதுவாக வாசித்துச் சொன்னாள்.

“‘லீவு விட்டுத் திறக்கிற தொட்டியில விஷக்காத்து நிக்கும். மொதல்ல முட்ட அழுகுன நாத்தம் அடிக்கும். கொஞ்ச நேரத்துல நாத்தம் தெரியாமப் போகும். காத்து சுத்தமாயிட்டதுன்னு அர்த்தமில்ல, மூக்கு மரத்துப்போச்சுன்னு அர்த்தம். நாத்தம் இல்லன்னு நம்பி எறங்கின ரெண்டு பேரும் அங்கனயே இறந்துட்டாங்க. மோந்து பாத்து ஆளை எறக்காதீங்க.’”

“பொறவு?”

“அம்புட்டுதான்.”

அர்ஷியா கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அந்த வரிகளை அவள் தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

“இதச் சொல்ல ஒரு கரண்டி ஆணம் ஊத்துத நேரங்கூட ஆவலியே” என்றாள்.

அடுப்படியில் உம்மா மீன் சட்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அர்ஷியா இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

“அந்தத் தாளத் தூரப் போட்டிராதீங்க. இது வளந்து, எங்க வாப்பா எப்பிடி மவுத்தானாவன்னு கேக்கும். நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் வாசிச்சிக் காட்டணும்.”

எப்போதும் லாத்தா என்று முடிப்பவள் இப்போது அப்படிச் சொல்லவில்லை. சபீதா தாளைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.